பாலஸ்தீனம் ஹாட்ரியன் வைத்த பெயரா? இஸ்ரேல் 1948இல் பிறந்த பெயரா?

கேள்வி: பிப்ரவரி 3, காலை 8.10

குடும்பக் குழுவில் இரண்டு பதிவுகள் மாறி மாறி வந்துகொண்டே இருக்கின்றன. ஒன்று: "பாலஸ்தீனம் என்று பெயரே கிடையாது. கி.பி. 135இல் யூதர்களை அவமானப்படுத்த ரோமப் பேரரசன் ஹாட்ரியன் புதிதாகச் சூட்டியது." மற்றொன்று: "இஸ்ரேல் என்ற பெயர் 1948க்கு முன் எங்குமே இல்லை, சியோனிஸ்டுகள் (யூதருக்குத் தனி நாடு கேட்ட இயக்கத்தார்) உண்டாக்கியது." எது சரி? தெரிந்தவர்கள் ஆண்டோடு சொல்லுங்கள்.

பிப்ரவரி 3, பகல் 1.25

இரண்டுமே தவறு. இரண்டு பெயரும் ஹாட்ரியனுக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் மூத்தவை.

எகிப்தில் மெதினத் ஹாபு கோயில் சுவரில் மூன்றாம் ராம்சேஸ் தன் போர்களைச் செதுக்கி வைத்திருக்கிறான். கி.மு. 1175 வாக்கில் கடல்வழி வந்து மோதிய கூட்டங்களில் ஒன்றின் பெயர் அங்கே "பெலெசெத்". கி.மு. 800 வாக்கில் அசீரிய மன்னன் மூன்றாம் அதத்-நிராரியின் கல்வெட்டு, கப்பம் கட்டிய நாடுகளில் "பலஸ்து" என்று ஒன்றைச் சொல்கிறது. எபிரேய வேதத்தில் அதே பகுதி "பெலெஷெத்", மக்கள் "பெலிஷ்தீம்". காசா, அஸ்கலோன், அஸ்தோத், எக்ரோன், காத் ஆகிய ஐந்து ஊர்கள் அவர்களுடையவை. கி.மு. 5ஆம் நூற்றாண்டில் கிரேக்கர் ஹெரோடோட்டஸ் "பலைஸ்தீனே" என்று எழுதிவிட்டார். அவர் சொன்னது கடற்கரைப் பட்டையை மட்டும்தான்.

இஸ்ரேல்: எகிப்திய மன்னன் மெர்னெப்தாவின் வெற்றிக் கல், கி.மு. 1208 வாக்கில் வெட்டியது. 1896இல் தொல்லியலாளர் ஃபிளிண்டர்ஸ் பெட்ரி தீப்ஸில் தோண்டி எடுத்தார். அதில் ஒரு நுணுக்கம் உண்டு. எகிப்திய எழுத்தில் பெயருக்குப் பின்னால் அது எந்த வகைப் பெயர் என்று காட்ட ஒரு குறி போடுவார்கள். அஸ்கலோன், கெசேர், யனோவாம் ஆகிய மூன்று ஊர்ப் பெயர்களுக்கும் பின்னால் அந்நிய நாட்டைக் குறிக்கும் மலைக் குறி நிற்கிறது. இஸ்ரேலுக்குப் பின்னால் அந்த மலை இல்லை. உட்கார்ந்திருக்கும் ஓர் ஆண், ஒரு பெண், பன்மையைக் காட்டும் கோடுகள். கல்லை வெட்டியவனுக்கு இஸ்ரேல் ஒரு மக்கள் கூட்டம், நிலம் அல்ல.

பிப்ரவரி 3, இரவு 9.50

தமிழில் குழப்பம் கூடுவதற்கு ஒரு காரணம் உண்டு. தமிழ் பைபிளில் "பெலிஸ்தர்", செய்தித்தாளில் "பாலஸ்தீனர்". ஒரே வேர்ச்சொல், ஆனால் ஒன்று எபிரேயத்திலிருந்தும் மற்றது கிரேக்கம், லத்தீன், ஆங்கிலம் வழியாகவும் நம்மிடம் வந்து சேர்ந்தது. அதனால் சிலருக்கு இரண்டுக்கும் தொடர்பே இல்லை என்று படுகிறது. வேறு சிலர் பெலிஸ்த வீரன் கோலியாத்தின் பேரப்பிள்ளைகள்தான் இன்றைய காசாக்காரர்கள் என்று தாவிவிடுகிறார்கள்.

முதல் சாமுவேல் 13ஆம் அதிகாரம், 19ஆம் வசனத்தைத் திறந்து பாருங்கள். எபிரேயர் வாளும் ஈட்டியும் செய்துகொள்ளக் கூடாது என்று பெலிஸ்தர் தடுத்ததால் இஸ்ரவேல் தேசம் எங்கும் ஒரு கொல்லன்கூட இல்லை என்று வரும். மூலத்தில் "இஸ்ரவேல் தேசம்" என்பது "ஏரெட்ஸ் இஸ்ராயேல்". இரண்டு பெயரும் ஒரே வசனத்தில்.

பிப்ரவரி 4, காலை 7.30

"அப்படியானால் பெலிஸ்தர்தானே பாலஸ்தீனர்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

இல்லை. பெலிஸ்தர் தனி மக்களாக நீடிக்கவில்லை. பாபிலோனிய மன்னன் நேபுகாத்நேச்சார் கி.மு. 604இல் அஸ்கலோனை எரித்தான். அதற்குப் பிறகு அவர்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் சுவடில்லாமல் கரைந்துபோனார்கள். பெயர் மட்டும் நிலத்தோடு ஒட்டிக்கொண்டது. ஃபிராங்குகள் என்பது ஜெர்மானியக் கூட்டம். அவர்கள் பெயரில் இருக்கும் பிரான்ஸ் பேசுவது லத்தீனிலிருந்து வந்த மொழி. ஒரு நிலத்தின் பெயரை வைத்து அங்கே இருப்பவரின் ரத்தத்தை அளக்க முடியாது. "பெலிஸ்தர் அந்நியர், ஆகவே பாலஸ்தீனரும் அந்நியர்" என்ற வாதம் இந்த இடத்திலேயே உடைந்துவிடுகிறது.

பிப்ரவரி 5, இரவு 10.15

ஹாட்ரியன் விஷயத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். ஆண்டு வரிசையில் வைத்தால்தான் எது உறுதி, எது ஊகம் என்று பிரியும்.

கி.பி. 6இல் ரோம் எருசலேமைச் சுற்றிய யூதர் நாடான யூதேயாவை நேரடி ஆட்சிக்குள் கொண்டுவந்தது. 66இல் யூதர்களின் முதல் கிளர்ச்சி. கிளர்ச்சியாளர்கள் அடித்த வெள்ளிக் காசில் "இஸ்ரேலின் ஷெக்கேல்" என்ற எழுத்து இருக்கிறது. 70இல் எருசலேம் கோயில் இடிந்தது. பேரரசன் வெஸ்பாசியன் தன் காசில் பேரீச்ச மரத்தடியில் ஒரு பெண் அழுதுகொண்டிருப்பதைப் பொறித்து "யூதேயா பிடிபட்டது" என்று எழுதினான். கவனியுங்கள், தோற்கடித்த பிறகும் ரோம் பெயரை மாற்றவில்லை.

132இல் பார் கோக்பா என்ற யூதத் தலைவனின் கிளர்ச்சி. அவன் ஆட்கள் புதுக் காசுக்கு வேறு உலோகம் தேடவில்லை. புழக்கத்திலிருந்த ரோமக் காசையே எடுத்து, பேரரசன் முகத்தை அராவி, அதன் மேலேயே "இஸ்ரேலின் மீட்பு, ஆண்டு ஒன்று" என்று அடித்தார்கள். சில காசுகளில் புது எழுத்துக்கு அடியில் பழைய முகத்தின் ஓரம் இன்றும் தெரியும். 135இல் கிளர்ச்சி நசுங்கியது. 50 கோட்டைகள், 985 ஊர்கள் அழிந்தன, 5,80,000 பேர் போரில் மட்டும் மாண்டார்கள் என்று ரோம வரலாற்றாசிரியர் காசியஸ் தியோ எழுதுகிறார். பண்டைய ஆசிரியர் தரும் எண்ணிக்கையாகவே இதை எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் அழிவு பெரியது என்பதில் ஐயமில்லை.

அதன் பிறகு மாகாணத்தின் பெயர் "சிரியா பலஸ்தீனா" என்று வருகிறது. கி.பி. 139ஆம் ஆண்டு தேதியிட்ட, ஓய்வுபெற்ற படைவீரர்களுக்கான ஒரு வெண்கலச் சாசனத்தில் இந்தப் பெயர் தெளிவாக இருக்கிறது. எருசலேமுக்கு "ஏலியா கப்பிட்டோலினா" என்று பெயர். யூதர்கள் அங்கே நுழையத் தடை.

ஆக, பெயர் மாறியது உண்மை. கிளர்ச்சியையொட்டி மாறியது என்பதும் நியாயமான முடிவு. "பழைய எதிரி பெலிஸ்தர் பெயரைத் தேடிப்பிடித்து அவமானப்படுத்தினான்" என்பதுதான் சிக்கல். அப்படி ஒரு நோக்கத்தைப் பண்டைய ஆசிரியர் ஒருவர்கூடச் சொல்லவில்லை. அது பிற்கால அறிஞர்களின் ஊகம். யூதேயா என்ற பெயரை அழிப்பது நோக்கமாக இருந்திருக்கலாம். அதற்காக எடுத்தாண்டது கிரேக்கர்கள் அறுநூறு ஆண்டுகளாகச் சொல்லிவந்த, எல்லோருக்கும் பழக்கமான பெயர்தான்.

பிப்ரவரி 6, காலை 6.40

என் முதல் குறிப்பில் ஒரு பிழை, திருத்துகிறேன். ஹெரோடோட்டஸ் கடற்கரையை மட்டும் சொன்னார் என்று எழுதியது தவறு. பலைஸ்தீனேயில் உள்ள சிரியர்கள் விருத்தசேதனம் செய்கிறார்கள் என்று அவரே எழுதுகிறார். பெலிஸ்தருக்கு அந்த வழக்கம் கிடையாது, வேதம் அவர்களை ஏசுவதே அதை வைத்துத்தான். ஹெரோடோட்டஸ் சொன்னது யூதர்களைத்தான் என்று முதலாம் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் ஜோசிஃபஸே வாதாடியிருக்கிறார்.

இன்னும் உறுதியான சான்று அரிஸ்டாட்டில். பலைஸ்தீனேயில் ஓர் ஏரி இருப்பதாகவும், மனிதனையோ விலங்கையோ கட்டிப் போட்டாலும் மூழ்காது என்றும், அதில் மீன் வாழாது என்றும் கேள்விப்பட்டதை எழுதுகிறார். அது சாக்கடல். கடற்கரையிலிருந்து மலை தாண்டி உள்ளே இருக்கிறது. ஆகவே கி.மு. 4ஆம் நூற்றாண்டிலேயே அந்தப் பெயர் உள்நாட்டுக்கும் பரவிவிட்டது. ஹாட்ரியனுக்கு 450 ஆண்டுகளுக்கு முன்.

பிப்ரவரி 6, இரவு 8.00

சுருக்கமாக அடுத்த சில நூற்றாண்டுகள். கி.பி. 400 வாக்கில் ரோமர்கள் அதை மூன்றாக வெட்டினார்கள்: முதல் பலஸ்தீனா (தலைநகர் செசரியா), இரண்டாம் பலஸ்தீனா (ஸ்கித்தோபோலிஸ், இன்றைய பெய்த் ஷெயான்), மூன்றாம் பலஸ்தீனா (பெட்ரா). பெட்ரா இன்று ஜோர்டானில் இருக்கிறது. 7ஆம் நூற்றாண்டில் அரபு ஆட்சி வந்ததும் முதல் பலஸ்தீனாவை ஒட்டிய பகுதி "ஜுந்த் ஃபிலஸ்தீன்" என்ற படை மாவட்டமானது. தலைநகர் முதலில் லுத், 8ஆம் நூற்றாண்டு தொடக்கத்திலிருந்து ராம்லா. அரபியில் "ப" ஒலி இல்லாததால் "ஃப". கலிலேயா அதில் சேராது, அது திபேரியாவைத் தலைநகராகக் கொண்ட "ஜுந்த் அல்-உர்துன்". யோர்தான் என்ற ஆற்றின் பெயர்தான் உர்துன்.

இந்த இடத்தில்தான் பலர் வழுக்கி விழுகிறார்கள். ஒரே பெயரைப் பார்த்ததும் ஒரே எல்லை என்று நினைத்துவிடுகிறார்கள். 139இன் பலஸ்தீனா, 400இன் மூன்று பலஸ்தீனாக்கள், 10ஆம் நூற்றாண்டில் எருசலேம்காரரான புவியியலாளர் அல்-முகத்தசி வர்ணித்த ஃபிலஸ்தீன், 1922இன் பிரிட்டிஷ் பாலஸ்தீனம் ஆகியவற்றின் எல்லைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் எந்த இரண்டும் பொருந்தாது.

பிப்ரவரி 8, பகல் 12.05

"ஒட்டோமான் ஆட்சியில் 400 ஆண்டு பாலஸ்தீனம் என்ற மாகாணமே இல்லையே?"

சரி. 1516இல் முதலாம் செலிம் பிடித்ததிலிருந்து அந்தப் பெயரில் ஒரு மாகாணம் இருந்ததில்லை. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வடக்கே அக்கா, நாப்லுஸ் மாவட்டங்கள் பெய்ரூத் மாகாணத்தில் இருந்தன. தெற்கே எருசலேம் 1872 முதல் தலைநகர் இஸ்தான்புல்லுக்கு நேரடியாகக் கட்டுப்பட்ட தனி மாவட்டம். ஆனால் நிர்வாகப் பெயர் இல்லை என்பதால் வழக்குப் பெயரும் இல்லை என்று ஆகாது. 1911இல் யாஃபாவில் ஈசா அல்-ஈசா, யூசுஃப் அல்-ஈசா என்ற இரு அரபுக் கிறிஸ்தவ உறவினர்கள் தொடங்கிய செய்தித்தாளின் பெயர் "ஃபிலஸ்தீன்". ஒட்டோமான் ராணுவமே முதல் உலகப்போர்க் காலத்தில் அச்சிட்ட கையேட்டுக்கு "ஃபிலஸ்தீன் ரிசாலேசி" என்று பெயர் வைத்தது.

பெயர் இருந்தது, நாட்டு அரசு இருந்ததில்லை. இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஒன்றை மட்டும் சொல்கிறவர் பாதி உண்மையை வைத்து வாதாடுகிறார். அதே காலத்தில் இஸ்ரேல் என்ற பெயரிலும் எந்த அரசும் இல்லை. ஆனால் யூதர்களின் தொழுகையிலும் சமயச் சட்டத்திலும் ஏரெட்ஸ் இஸ்ராயேல் ஒருநாளும் விடுபடவில்லை. ஏழாம் ஆண்டு நிலத்தைத் தரிசாக விடுவது, விளைச்சலில் தசமபாகம் எடுத்து வைப்பது போன்ற கட்டளைகள் எந்த ஊர் வரை செல்லும் என்று யூத மதகுருக்களான ரபிகள் எல்லை போட்டு விவாதித்ததே அந்தப் பெயரை வைத்துத்தான்.

பிப்ரவரி 9, இரவு 9.30

சியோனிசத்துக்கு வருவோம். சியோன் என்பது எருசலேமில் ஒரு குன்றின் பெயர், பிறகு நகரத்துக்கே ஆகுபெயர். அதிலிருந்து "சியோனிசம்" என்ற சொல்லை 1890இல் ஆக்கியவர் வியன்னாவின் நாத்தான் பிர்ன்பாம். இயக்கம் சொல்லுக்கு மூத்தது. 1881இல் ரஷ்யாவில் யூதர்கள் மேல் வன்முறை அலை எழுந்த மறு ஆண்டே ஒடெஸாவின் மருத்துவர் லியோன் பின்ஸ்கர், யூதர்கள் தமக்கென ஒரு நிலம் தேடிக்கொள்ள வேண்டும் என்று சிறுநூல் எழுதினார். அந்த நிலம் பாலஸ்தீனமாகத்தான் இருக்க வேண்டும் என்று அவர் பிடிவாதம் பிடிக்கவில்லை.

இயக்கத்தின் தலைவரான தியோடர் ஹெர்ட்ஸல் 1896இல் வெளியிட்ட "யூத அரசு" நூலிலும் "பாலஸ்தீனமா, அர்ஜென்டினாவா?" என்று ஒரு பகுதி உண்டு. ஜெர்மன் மூலத்திலேயே "பாலஸ்தீனா" என்றுதான் எழுதினார்.

1897 ஆகஸ்ட் 29 முதல் 31 வரை சுவிட்சர்லாந்தின் பேசல் நகரில் முதல் சியோனிச மாநாடு. முதலில் மியூனிக்கில் நடத்தத்தான் திட்டம். அந்த ஊர் யூத சமூகமும் ஜெர்மன் ரபிகளும் எதிர்த்ததால் இடம் மாறியது. மாநாடு நிறைவேற்றிய திட்டத்தின் முதல் வரி: யூத மக்களுக்குப் பாலஸ்தீனத்தில் பொதுச்சட்டத்தால் உறுதிசெய்யப்பட்ட ஓர் இல்லத்தை உருவாக்குவதே சியோனிசத்தின் நோக்கம். ஜெர்மனில் "ஹைம்ஷ்டெட்டே". வீடு, உறைவிடம் என்ற பொருள். "ஷ்டாட்", அதாவது அரசு, என்று போட்டால் ஒட்டோமான் சுல்தான் பகைத்துக்கொள்வார் என்பதால் ஹெர்ட்ஸலின் தோழர் மாக்ஸ் நோர்டாவ் இந்தச் சொல்லைத் தேர்ந்தார். ஹெர்ட்ஸல் செப்டம்பர் 3 நாட்குறிப்பில் பேசலில் யூத அரசை நிறுவிவிட்டதாகவும், ஐந்து ஆண்டில் இல்லாவிட்டாலும் ஐம்பது ஆண்டில் எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள் என்றும் எழுதிக்கொண்டார்.

வெளியே இல்லம், உள்ளே அரசு. அடுத்த ஐம்பது ஆண்டு அரசியலை இந்த ஒரு சொல் இழுத்துச் சென்றது. 1931 மாநாட்டில் இறுதி இலக்கு யூத அரசு என்று வெளிப்படையாகத் தீர்மானிக்க வேண்டும் என்றார் சியோனிசத் தலைவர்களில் ஒருவரான ஜபோட்டின்ஸ்கி. மாநாடு மறுத்தது, அவர் தன் பிரதிநிதி அட்டையை அங்கேயே கிழித்துப் போட்டார். 1942 மே மாதம் நியூயார்க்கில் பில்ட்மோர் ஓட்டலில் கூடியபோதுதான் பாலஸ்தீனத்தை யூதக் குடியரசாக நிறுவ வேண்டும் என்று இயக்கம் பகிரங்கமாகக் கேட்டது.

பிப்ரவரி 10, காலை 7.15

"யூதர்கள் எல்லோரும் சியோனிஸ்டுகள்தானே அன்று?" இல்லவே இல்லை. பேசல் மாநாடு நடந்த அதே 1897இல் வில்னாவில் யூதத் தொழிலாளர்களின் பூண்ட் கட்சி பிறந்தது. இருக்கும் இடத்திலேயே உரிமைக்குப் போராடு என்பது அவர்கள் கொள்கை. 1903இல் பிரிட்டன் கிழக்கு ஆப்பிரிக்காவில் நிலம் தருவதாகச் சொன்னபோது, போய்ப் பார்த்துவர ஒரு குழு அனுப்பலாமா என்பதற்கே மாநாடு இரண்டாகப் பிளந்தது: ஆதரவு 295, எதிர்ப்பு 178. எதிர்த்து எழுந்து போனவர்களில் முன்னால் நின்றவர்கள் ரஷ்யாவிலிருந்து வந்த பிரதிநிதிகள். 1905இல் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது.

இயக்கத்துக்கு உள்ளிருந்தே எழுந்த குரல் எபிரேய எழுத்தாளர் அஹத் ஹா-அம். 1891இல் நேரில் போய்ப் பார்த்துவிட்டு, நிலம் காலியாகக் கிடப்பதாக நினைப்பது தவறு, உழக்கூடிய நிலம் எல்லாம் உழுதே கிடக்கிறது என்று எழுதினார். வெளியிலிருந்து வந்த குரல் யூசுஃப் அல்-காலிதி, எருசலேமின் முன்னாள் மேயர். 1899 மார்ச் 1 அன்று பிரான்சின் தலைமை ரபிக்குக் கடிதம் எழுதினார். உங்கள் எண்ணம் கொள்கையளவில் நியாயமானது, அழகானது. ஆனால் அங்கே மக்கள் வாழ்கிறார்கள், கடவுளின் பெயரால் கேட்கிறேன், பாலஸ்தீனத்தை விட்டுவிடுங்கள் என்பது அதன் சாரம். கடிதம் ஹெர்ட்ஸல் கைக்குப் போய், அவர் மார்ச் 19 அன்று பதில் எழுதினார். யூதர் வருகையால் உங்கள் சொத்து மதிப்பு உயரும் என்று சமாதானம் சொன்னார். அரசியல் கேள்விக்கு அதில் பதில் இல்லை.

பிப்ரவரி 10, இரவு 11.00

நமக்குத் தெரிந்த ஒருவர் இந்தக் கதையில் வருகிறார். மாண்டேகு. சென்னை மாகாணத்தில் இரட்டையாட்சி வரக் காரணமான மாண்டேகு-செம்ஸ்ஃபோர்டு சீர்திருத்தத்தின் எட்வின் மாண்டேகுதான். 1917 ஆகஸ்ட் 20 அன்று இந்தியாவுக்குப் படிப்படியாகப் பொறுப்பாட்சி என்று நாடாளுமன்றத்தில் அறிவித்தார். மூன்றே நாள் கழித்து, ஆகஸ்ட் 23 அன்று, தன் சொந்த அரசின் யூத விரோதம் என்று தலைப்பிட்டு அமைச்சரவைக்கு ஒரு குறிப்பு அனுப்பினார். அவரே யூதர். யூதர்களுக்கு ஒரு தேசிய இல்லம் என்று அறிவித்தால், மற்ற நாடுகளிலெல்லாம் யூதரை அந்நியராக்கி, "உன் ஊருக்குப் போ" என்று சொல்ல வழி செய்துவிடும் என்பது அவர் பயம். அமைச்சரவை முடிவெடுத்த அக்டோபர் 31 அன்று அவர் லண்டனில் இல்லை, இந்தியாவுக்குப் பயணத்தில் இருந்தார். ஆனால் இறுதி வாசகத்தில் மற்ற நாட்டு யூதரின் உரிமைக்குப் பாதுகாப்பு சேர்ந்ததில் இந்த எதிர்ப்புக்குப் பங்கு உண்டு.

பிப்ரவரி 12, மாலை 6.20

அந்த வாசகம்தான் பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் பால்ஃபர் 1917 நவம்பர் 2 அன்று எழுதிய கடிதம். ஆங்கிலத்தில் முக்கிய வாக்கியம் 67 சொற்கள். சொல் சொல்லாகப் பாருங்கள்.

பாலஸ்தீனம் இரண்டு முறை வருகிறது. அரசு என்ற சொல் இல்லை, "ஒரு தேசிய இல்லம்". சியோனிஸ்டுகள் ஜூலையில் கொடுத்த வரைவில் பாலஸ்தீனமே யூதரின் தேசிய இல்லமாக மீட்டமைக்கப்பட வேண்டும் என்று இருந்தது. இறுதியில் "பாலஸ்தீனத்தில் ஒரு தேசிய இல்லம்" என்று சுருங்கியது. முழு நாடா, நாட்டுக்குள் ஓர் இடமா என்ற சண்டை முழுவதும் அந்த "இல்" உருபில் இருக்கிறது. 1922இல் பிரிட்டிஷ் அரசின் சர்ச்சில் வெள்ளை அறிக்கையே, கடிதம் முழுப் பாலஸ்தீனத்தையும் சொல்லவில்லை என்று விளக்கம் தர வேண்டி வந்தது.

அரபு என்ற சொல்லும் இல்லை. அங்கே இருந்த மக்கள் "யூதரல்லாத சமூகங்கள்". அவர்களுக்குக் குடிசார் உரிமையும் சமய உரிமையும் காக்கப்படும். "அரசியல் நிலை" என்ற சொல் பிற நாட்டு யூதர்களுக்கு மட்டும். ஐந்து ஆண்டு கழித்து பிரிட்டன் எடுத்த 1922 கணக்கெடுப்பிலேயே மொத்தம் சுமார் 7,57,000 பேரில் யூதர்கள் சுமார் 84,000. பத்தில் ஒன்பது பேரை "அல்லாத" என்று சுட்டிய கடிதம் அது. இந்த வரியைப் படிக்கும் எந்த அரபு வாசகருக்கும் ஏன் வலிக்கிறது என்று புரிந்துகொள்ளாமல் இந்த வரலாற்றைப் பேச முடியாது.

பிப்ரவரி 13, இரவு 9.10

பெயர்ச் சண்டையை ஒரே பொருளில் பார்க்க வேண்டுமானால் பிரிட்டிஷ் பாலஸ்தீனக் காசைப் பாருங்கள். 1927இல் வந்தது. அதற்கு முன் எகிப்தியப் பணம் ஓடியது. 1,000 மில் ஒரு பாலஸ்தீன பவுண்ட், அது ஒரு பிரிட்டிஷ் பவுண்டுக்குச் சமம். 1, 2 மில் வெண்கலம். 5, 10 மில் நடுவில் துளை போட்டவை. 50, 100 மில் வெள்ளி, நூற்றுக்கு 72 பங்கு. ஒலிவக் கிளை பொறித்திருக்கும்.

நாட்டின் பெயர் மூன்று எழுத்தில். ஆங்கிலத்தில் "பாலஸ்டைன்". அரபியில் "ஃபிலஸ்தீன்". எபிரேயத்தில் "பலெஸ்தீனா", அதையடுத்து அடைப்புக்குறிக்குள் இரண்டே எழுத்து: அலெஃப், யோத். ஏரெட்ஸ் இஸ்ராயேல் என்பதன் முதலெழுத்துகள்.

இது எப்படி வந்தது? பிரிட்டிஷ் ஆட்சியின் முதல் உயர் ஆணையர் ஹெர்பர்ட் சாமுவேல் 1920இல் எடுத்த சமரசம். யூதர்கள் முழுப் பெயர் கேட்டார்கள்; அரபுகள் அறவே கூடாது என்றார்கள்; அவர் சுருக்கெழுத்தில் நிறுத்தினார். இருவருக்கும் திருப்தியில்லை. அந்த இரண்டெழுத்தை அஞ்சல்தலையிலிருந்து நீக்கக் கோரி அரபுத் தலைவர் ஜமால் அல்-ஹுசைனி தொடுத்த வழக்கு 1925இல் தள்ளுபடியானது. மறு ஆண்டு, மேண்டேட்டை, அதாவது பாலஸ்தீனத்தை ஆளும் பொறுப்பை, பிரிட்டனுக்குக் கொடுத்த சர்வதேச சங்கத்தின் ஆணையத்திடம் பிரிட்டிஷ் அதிகாரி விளக்கியதில் இன்னொரு தகவல் உண்டு: யூதருக்கு இந்த இரண்டெழுத்து கொடுத்தால், ஈடாக எங்களுக்கு "தென் சிரியா" என்று போடுங்கள் என்று சில அரபு அரசியல்வாதிகள் கேட்டார்களாம்.

பிப்ரவரி 14, காலை 8.45

தென் சிரியா பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். 1919 தொடக்கத்தில் எருசலேமில் கூடிய முதல் பாலஸ்தீன அரபு மாநாடு, பாலஸ்தீனம் அரபு சிரியாவின் ஒரு பகுதி என்று தீர்மானம் போட்டது. அப்போது டமாஸ்கஸில் அரபு இளவரசர் ஃபைசலின் ஆட்சி அமையும் என்ற நம்பிக்கை. 1920 ஜூலையில் பிரெஞ்சுப் படை ஃபைசலை விரட்டியது. அதே டிசம்பரில் ஹைஃபா மாநாடு சிரியாவை விட்டுவிட்டு, பாலஸ்தீனத்துக்கு அங்குள்ள மக்களுக்குப் பொறுப்பான ஆட்சி கேட்டது. தேசிய உணர்வு இப்படித்தான் திரளும். அதைக் காட்டி "போலித் தேசியம்" என்பவர்கள், பின்ஸ்கரும் ஹெர்ட்ஸலும் தொடக்கத்தில் நிலத்தையே முடிவு செய்யாமல் இருந்ததையும் நினைவில் வைக்க வேண்டும்.

பிப்ரவரி 15, பகல் 2.00

சியோனிஸ்டுகள் பாலஸ்தீனம் என்ற சொல்லை வெறுத்தார்கள் என்பதும் பிற்காலத்தை முன்னே தள்ளிப் பார்ப்பதுதான். அவர்களுடைய வங்கி 1903இல் யாஃபாவில் "ஆங்கிலோ-பாலஸ்தீன்" என்ற பெயரில் திறந்தது. மின்சாரக் கம்பெனி "பாலஸ்தீன் எலெக்ட்ரிக்". 1932இல் தொடங்கிய ஆங்கில நாளேடு "பாலஸ்தீன் போஸ்ட்". 1950இல்தான் "ஜெருசலேம் போஸ்ட்" ஆனது. 1936 டிசம்பர் 26 அன்று டெல் அவீவில் இத்தாலிய இசை நடத்துநர் தோஸ்கனினி நடத்திய முதல் கச்சேரி "பாலஸ்தீன் ஆர்கெஸ்ட்ரா"வினுடையது, இன்று இஸ்ரேல் ஃபில்ஹார்மோனிக். எபிரேயத்தில் ஏரெட்ஸ் இஸ்ராயேல், ஐரோப்பிய மொழிகளில் பாலஸ்தீனம் என்று இரண்டையும் சிரமமில்லாமல் புழங்கினார்கள்.

பிப்ரவரி 16, இரவு 10.40

1948. மே 14 வெள்ளிக்கிழமை மாலை 4 மணிக்கு டெல் அவீவ் அருங்காட்சியகத்தில் பிரகடனம். இரண்டு நாள் முன்பு வரை பெயர் முடிவாகவில்லை. யூதேயா என்று வைக்கலாம் என்றார்கள். ஆனால் ஐ.நா.வின் 1947 பிரிவினைத் திட்டத்தில் பழைய யூதேயா மலைப்பகுதி பெரும்பாலும் அரபு அரசுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. சியோன் என்றால் குடிமக்கள், அரபுகள் உட்பட, எல்லோரும் "சியோனியர்" ஆகிவிடுவார்கள். ஏரெட்ஸ் இஸ்ராயேல் என்பது முழு நிலத்தின் பெயர், இது அதன் ஒரு பகுதியில் அமையும் அரசு. பிறகு முதல் பிரதமரான பென்-குரியன் "இஸ்ரேல்" என்றார், அது நின்றது. பிரகடனமும் கவனமாகவே சொல்கிறது: ஏரெட்ஸ் இஸ்ராயேலில் ஒரு யூத அரசு, அதன் பெயர் இஸ்ரேல் அரசு. பேசலின் அதே "இல்" இங்கும் இருக்கிறது.

வாஷிங்டனுக்குப் பெயர் நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை. அமெரிக்க அங்கீகாரத் தாளில் "புதிய யூத அரசு" என்று தட்டச்சாகியிருக்கும். "யூத அரசு" என்பதை அடித்து நீக்கி, பேனாவால் "இஸ்ரேல் அரசு" என்று எழுதியிருக்கும். ஜனாதிபதி ட்ரூமன் கையெழுத்து, வாஷிங்டன் நேரம் மாலை 6.11, மேண்டேட் முடிந்து 11 நிமிடம். அதே தாளில் முதல் வாக்கியம், பாலஸ்தீனத்தில் ஒரு யூத அரசு பிரகடனமாகியிருப்பதாகத் தகவல் வந்தது என்று சொல்கிறது. இரண்டு பெயரும் ஒரே தாளில், முரண்பாடில்லாமல் சேர்ந்து நின்ற கடைசித் தருணங்களில் அது ஒன்று.

அன்றிலிருந்து ஒரு பெயரைச் சொன்னால் இன்னொன்றை மறுப்பதாக அர்த்தம் வந்துவிட்டது. அந்த ஆண்டில் சுமார் 7 லட்சம் பாலஸ்தீன அரபுகள் வீடிழந்து அகதிகளானார்கள். அவர்களுக்கு அந்தப் பெயர், போன ஊரின் முகவரி. யூதருக்கு மற்றப் பெயர், ஐரோப்பாவில் 60 லட்சம் பேர் கொல்லப்பட்ட மூன்றே ஆண்டில் கிடைத்த புகலிடம்.

பிப்ரவரி 18, காலை 7.00

"மேற்குக் கரையா, யூதேயா சமாரியாவா?" ஜோர்டான் 1950இல் அந்தப் பகுதியை இணைத்துக்கொண்டபோது யோர்தான் ஆற்றின் இரு கரையையும் வைத்து வந்த பெயர் மேற்குக் கரை. இஸ்ரேல் 1967 டிசம்பரில் யூதேயா சமாரியாவை அதிகாரப் பெயராக்கியது. அதற்காக அதை 1967இல் கண்டுபிடித்த பெயர் என்று சொல்லாதீர்கள். 1947 நவம்பர் 29இன் ஐ.நா. தீர்மானமே (ஆதரவு 33, எதிர்ப்பு 13, இந்தியா எதிர்த்தது) எல்லையை வர்ணிக்கும்போது "சமாரியா, யூதேயா மலைநாடு" என்கிறது. சொல் பழையது, அதை அரசாணையில் ஏற்றிய நோக்கம் புதியது.

பாலஸ்தீன அரசு 1988 நவம்பர் 15 அன்று அல்ஜியர்ஸில் அறிவிக்கப்பட்டது. இந்தியா மூன்று நாளில் அங்கீகரித்தது. 2012இல் ஐ.நா. பொதுச்சபை 138 வாக்கில் அதைப் பார்வையாளர் அரசாக ஏற்றது. தேதி மறுபடியும் நவம்பர் 29.

பிப்ரவரி 19, இரவு 9.00

குழுவில் வந்ததாக நீங்கள் போட்ட 1611 ஆங்கில பைபிள் பக்கம்: யோவேல் புத்தகத்தில் "பாலஸ்டைன்" என்று இருப்பது மெய். ஆனால் அங்கே எபிரேய மூலம் பெலெஷெத், அதாவது ஐந்து ஊர்க் கடற்கரை மட்டும். முழு நாட்டுக்குச் சான்றாக அதைக் காட்ட முடியாது. பழைய வரைபடமோ ஏடோ கண்ணில் பட்டால் முதலில் அச்சிட்ட ஆண்டு, அடுத்து அது எந்தக் காலத்தைக் காட்டுகிறது, பிறகு மூல மொழி, கடைசியில் எல்லைக்கோடு என்ற வரிசையில் பாருங்கள். 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய வரைபடங்களில் பெரும்பகுதி பைபிள் காலத்தை வரைந்தவை. பன்னிரு கோத்திரம் அதில் இருக்கும். அன்றைய ஒட்டோமான் மாவட்டம் இருக்காது.

பிப்ரவரி 19, இரவு 9.35

காசுக் குறிப்பில் ஒன்று விட்டுப்போனது: 20 மில்லிலும் துளை உண்டு.